தரைக்கொடி தூளி கட்டிய கதை

அந்தக் காலத்தில் செடிக்கும் பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான். யார் என்ன சொன்னாலும் மற்றவருக்கு விளங்கியது. அதனாலேயே சண்டைக்கும் குறைவில்லை. அப்போது முடக்கத்தான் கொடி வேலி ஏறியதில்லை, மரம் ஏறியதில்லை. கரிசல் காட்டில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தாள். முடக்கத்தான் என்ற பெயர்கூட அவளுக்கு அப்போது கிடையாது. தரைக்கொடி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

தரைக்கொடியைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. தனக்கு எது வந்தாலும் அவள் கவலைப்பட்டதில்லை. ஆடு வந்து நுனியை மென்றால், "திங்கட்டும், திங்கட்டும், அதுக்கும் பசிக்குமில்ல" என்பாள். பிள்ளைகள் விஷயத்தில்தான் எந்நேரமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் என்றால் அவளுடைய விதைகள். மிளகு பருமனில், கருகருவென்று, மேலே ஒரு தோடோ உறையோ இல்லாமல் காம்பு நுனியில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று அடித்தால் உதிர்ந்துவிடுமோ என்று கவலை. காற்று அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று கவலை. ஒரு எறும்பு பக்கத்தில் போனால், அது புற்றுக்குள் நுழைகிறவரை கண்ணை எடுக்கமாட்டாள்.

கவலைக்குக் காரணமும் இருந்தது. காட்டில் அப்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. அடையாளம் போட்ட விதையை எந்தப் பறவையும் தொடக்கூடாது. அடையாளம் இல்லாத விதை கண்டவருக்குச் சொந்தம். அந்த அடையாளத்தை விதையின் தாயே போட முடியாது, வேறொருத்தர் கையால்தான் போட வேண்டும். புல்லும் தானியமும், "எங்ககிட்ட ஏராளம் கெடக்கு, எடுத்துக்கோங்க" என்று அடையாளம் கேட்காமல் விட்டுவிட்டன. மற்றவர்கள் எல்லாம் வருஷத்தில் ஒரு நாள் ஓடைக்கரையில் கூடுவார்கள். ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி அடையாளம் போடுவாள். ஆமணக்கு முத்துக்கு வரிவரியாகக் கோலம் விழுந்தது அங்கேதான். அவரை விதையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்ததும், குன்றிமணிக்குக் கறுப்புக் கண் வைத்ததும் அங்கேதான்.

தரைக்கொடி அந்தக் கூட்டத்துக்கு ஒரு வருஷமும் போகவில்லை. "அம்புட்டுக் கூட்டத்துல கொண்டுபோனா யாராவது மிதிச்சிர மாட்டாகளா?" என்பாள். "அடுத்தவ கையில பிள்ளைய எப்படிக் குடுக்க? கீழ போட்டுட்டா?" என்பாள். கூட்டம் கலைந்து எல்லோரும் திரும்பி வருவார்கள். இவள் பிள்ளைகளை அணைத்தபடி அதே இடத்தில் கிடப்பாள். மறுநாளே கௌதாரி வந்து நிற்பாள்.

கௌதாரி கெட்டவள் அல்ல. கட்டுப்பாட்டை மீறி ஒரு விதையைக்கூட அவள் கொத்தியதில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பாள்.

"ஏளா தரைக்கொடி, அடையாளம் இருக்கா?"

"இந்த வருசம் போக முடியலக்கா. அடுத்த வருசம் கண்டிப்பா போட்டுருதேன்."

"அடுத்த வருசம் வந்தா அப்பப் பாப்போம்" என்று சொல்லி, கொத்திக்கொண்டு போய்விடுவாள். இப்படியே எத்தனையோ வருஷம் ஓடியது.

அந்த வருஷம் மழை பொய்த்து இரண்டாம் வருஷம். புல் கருகி மண்ணாகிவிட்டது, தானியம் விளையவே இல்லை. கௌதாரிக்கு ஆறு குஞ்சுகள். அவள் கண்ணில் பட்டதையெல்லாம் தேடித் தின்றதில் தரைக்கொடிக்கு மிச்சம் நாலே நாலு பிள்ளைகள். காடெங்கும் இருந்த அவள் இனத்தார் எல்லோரும் காய்ந்து சருகாகிவிட்டார்கள். அவளும் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தாள். முதல் மழைக்கு இந்த நாலும் மண்ணுக்குள் இறங்கிவிட்டால் பிழைத்தது வம்சம். இல்லாவிட்டால் அத்தோடு சரி. தரைக்கொடிக்கு விதைகளின் காம்படியில் நூல் போல மெல்லிய இரண்டு கைகள் உண்டு. நாலு பிள்ளைகளையும் அந்த இரண்டு கைகளாலும் அணைத்து, மேலே தன் இலைகளைப் போட்டு மூடி, வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அவள் கிடந்தது ஒரு மஞ்சணத்தி மரத்தடி. மரத்துக்கு எதிர்ப்புறம், வறண்ட ஓடையைத் தாண்டி இருநூறு எட்டு வைத்தால் ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. சடைச்சி என்பவள் அங்கே சுக்கான்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பாள். புருஷன் கழுதைகளை ஓட்டிக்கொண்டு விறகுக்குப் போயிருந்தான். மூன்று மாதத்துப் பெண்குழந்தையை மஞ்சணத்திக் கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டுச் சடைச்சி வேலை பார்ப்பாள். போகும்போதும் வரும்போதும் ஒரு ஆட்டு ஆட்டிவிடுவாள்.

"எம்புட்டுத் தைரியமா விட்டுட்டுப் போறா பாரு" என்று தரைக்கொடி தினமும் மரத்திடம் ஆற்றாமைப்படுவாள். "நானா இருந்தா முடியுமா?"

"உன்னால மூச்சு விடவே முடியல. இதுல இது வேறயா" என்பார் மஞ்சணத்தி. அவருக்கு வயதாகிவிட்டது, பேச்சில் முள் இருக்கும்.

சுட்ட கல்லைச் சுமக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அந்தக் கல்லைக் கட்டிச் சுமந்த துணியைச் சுண்ணாம்பு தின்றுவிடும். பார்க்கத் துணியாகத்தான் இருக்கும், பாரம் ஏறினால் நூல்நூலாக விட்டுப்போகும். அதனால் சுண்ணாம்புக்காரர் வீட்டில் கல் சுமக்கும் துணி வேறு, பிள்ளைத் துணி வேறு. இரண்டையும் ஒரே கொடியில் உலர்த்தக்கூட மாட்டார்கள். சடைச்சியும் அப்படித்தான் வைத்திருந்தாள். ஆனால் இரண்டும் ஒரே பழஞ்சேலையில் கிழித்தவை. நிறமும் ஒன்று, கரையும் ஒன்று.

அன்று விடிந்ததிலிருந்து புழுக்கம். உச்சிப்பொழுதுக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மேகத்தைப் பார்த்ததும் தரைக்கொடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சடைச்சியோ பதறிப்போய்க் காளவாயைப் பார்த்தாள். காளவாயில் சுட்ட கல் அப்படியே கிடக்கிறது. அதில் ஒரு கை தண்ணீர் பட்டால் போதும், கொதித்துப் பொங்கி எல்லாம் பாழாகிவிடும். ஒரு மாதத்து உழைப்பு. அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கைக்கு அகப்பட்ட துணியில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டாள். மேடான இடம் மஞ்சணத்தி அடிதான் என்பதால், கல்லைக் கூடைகூடையாகச் சுமந்து வந்து அங்கேயே கொட்டினாள். தூளிக்கு நேர் கீழே குவிந்தது கல். நாலு கூடை கொட்டிவிட்டு, குவியலை மூடப் பனையோலைப் பாய் எடுத்துவரக் காளவாய்க்கு ஓடினாள்.

அவள் ஓடை இறங்கிய பிறகுதான் தரைக்கொடிக்கு அந்தச் சத்தம் கேட்டது. 'பிட்' என்று ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொரு 'பிட்'. அண்ணாந்து பார்த்தாள். தூளி கிளையில் முடிச்சுப் போட்டிருந்த இடத்துக்குக் கீழே ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. துணி சுருக்கத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடி. தரைக்கொடிக்கு விளங்கிவிட்டது. அவசரத்தில் சடைச்சி கட்டிவிட்டுப் போனது கல் சுமக்கும் துணி.

"சடைச்சி! ஏ சடைச்சி! தூளி கிழியுது, ஓடியா!"

காற்றில் முதல் கூப்பாடு எடுபடவில்லை. இரண்டாவது எட்டிவிட்டது. சடைச்சி தலைதெறிக்க ஓடிவந்தாள். வந்த வேகத்தில் ஓடைச் சரிவில் கால் மடங்கி, முழங்கால் பாறையில் மோத விழுந்தாள். எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள்.

"அய்யோ, முழங்கால் முடங்கிப்போச்சே! எந்திரிக்க முடியலையே! யாராவது என் பிள்ளையப் பிடிங்களேன்!"

யார் இருக்கிறார்கள் பிடிக்க? தரைக்கொடி மரத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, பிடிங்கண்ணே!"

"கிளைதான் இருக்கு எனக்கு, கை எங்க இருக்கு?" என்றார் மஞ்சணத்தி. முதன்முறையாக அவர் பேச்சில் முள் இல்லை. "கை உள்ளவ நீதான் தாயி."

இரண்டு எட்டுத் தள்ளிக் கௌதாரி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மழைக்கு முன்னால் அந்த நாலையும் கேட்டு வாங்கத்தான் வந்திருக்க வேண்டும்.

தரைக்கொடிக்கு இருந்தவை இரண்டே கைகள். அந்த இரண்டுக்குள்ளும்தான் நாலு பிள்ளைகள் இருந்தன. அவள் பிறந்த நாளிலிருந்து ஒரு முழ உயரம்கூட ஏறியதில்லை. மேலே இன்னொரு நூல் விட்டது. தூளி ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் குதிகால் வெளியே தெரிந்தது. முதல் மழைத்துளி வந்து சுட்ட கல்லின் மேல் விழுந்தது. 'சுர்' என்று புகை கிளம்பியது.

"அக்கா" என்றாள் கௌதாரியிடம். "நான் மேல போயிட்டு வந்திருதேன். அதுவரைக்கும் தொடாதக்கா. உன் கால்ல விழுதேன்."

"கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கே" என்றாள் கௌதாரி. "என் குஞ்சுகளும் ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல."

தரைக்கொடி கைகளை விட்டாள்.

விட்டபோது அவள் கதறிய கதறல் காளவாய் வரை கேட்டதாம். பிறகு கீழே பார்க்கவில்லை. மஞ்சணத்தியின் சொரசொரத்த பட்டையைப் பற்றினாள், ஒரு முழம் ஏறினாள். இன்னும் எட்டிப் பற்றினாள். பாதி வேர் பிடுங்கிக்கொண்டு வந்தது, வரட்டும் என்று விட்டாள். கிளைக்கு வந்து சேர்ந்தபோது தூளியில் நாலு விரல் அகலத் துணிதான் மிச்சமிருந்தது. ஒரு கையைக் கிளையில் சுற்றினாள். மறு கையைக் கிழிசலுக்குக் கீழே துணியோடு சேர்த்துச் சுற்றினாள். சுற்றி, சுற்றி, இனிச் சுற்ற நீளமில்லை என்ற வரைக்கும் சுற்றி இறுக்கினாள். அந்த நாலு விரல் துணியும் அப்போது விட்டுப்போனது. குழந்தையின் பாரம் முழுவதும் அவள் கைகளில் இறங்கியது.

மழை கொட்டியது. கீழே கல் வெடித்து, கொதித்து, வெள்ளைக் குழம்பாகப் பொங்கியது. ஆவி மேலே வந்து அவள் இலைகளைச் சுட்டது. குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதது. "அழாத கண்ணு, அழாத, அம்மா வந்துக்கிட்டிருக்கா" என்று தேற்றிக்கொண்டே தரைக்கொடி மெல்லக் கீழே பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். மேட்டின் ஓரத்தில் நாலு பிள்ளைகளும் நனைந்து கிடந்தன. கௌதாரி நடந்து வந்தாள். வழக்கம்போலக் கேட்டாள்.

"அடையாளம் இருக்கா?"

கௌதாரி குனிந்து ஒன்றைக் கொத்தி விழுங்கினாள்.

தரைக்கொடி எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு கையை மட்டும் விட்டால் போதும், எட்டித் தடுத்திருக்கலாம். விடவில்லை. இன்னொருத்தி பிள்ளையின் சின்னக் குதிகால் அவள் இலையில் உதைத்துக்கொண்டிருந்தது.

கௌதாரி இரண்டாவதை அலகில் எடுத்தாள். அந்த நேரத்தில்தான் சடைச்சி வந்து சேர்ந்தாள். நடந்து அல்ல, ஓடையிலிருந்து அந்த மேடு வரை தவழ்ந்தே வந்தாள். சிந்திக்கிடந்த சுண்ணாம்பில் ஊன்றி வந்ததில் இரண்டு கைகளும் வெள்ளை வெளேரென்று வெந்திருந்தன. மரத்தைப் பிடித்து எழுந்து, கொதிக்கும் குவியலுக்கு மேலாக எட்டி, முழங்கைகளால் குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள், குழந்தையும் அழுதது.

"சடைச்சி" என்றாள் தரைக்கொடி. "என் பிள்ளைக."

சடைச்சி திரும்பினாள். அவளுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது.

"ஏ கௌதாரி! கீழ போடு அத!"

"ஏன் போடணும்? அடையாளம் இல்லாதது கண்டவருக்குச் சொந்தம்னு..." என்று கௌதாரி ஆரம்பித்தாள். நியாயம் பேச வேண்டுமானால் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? விதை கீழே விழுந்தது.

சடைச்சி குழந்தையை ஒரு கையால் அணைத்தபடியே சரிந்து உட்கார்ந்து அதை எடுத்தாள். எரிகிற விரல்களில் இரண்டைச் சேர்த்து அந்தக் கறுப்பு விதையின் மேல் ஒரு அழுத்து அழுத்தினாள். இரண்டு விரல் நுனியும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்தன. மழைநீர் இரண்டையும் ஒன்றாக இழுத்துக் கீழே கூர்மையாக வழிந்தது. சின்னஞ்சிறு வெற்றிலை ஒன்றை வெள்ளையாக ஒட்டிவைத்தது மாதிரி இருந்தது. சுண்ணாம்பின் சூட்டில் விதை துடித்தது.

"அய்யோ, எரியுமே!" என்று மேலேயிருந்து பதறினாள் தரைக்கொடி.

"எரியட்டும் தாயி. உயிரோட இருந்து எரியட்டும்" என்று சொல்லிக்கொண்டே சடைச்சி அடுத்ததையும் எடுத்து அழுத்தினாள், அதற்கடுத்ததையும். பிறகு கௌதாரியின் முகத்துக்கு நேரே மூன்றையும் நீட்டினாள். "இந்தா அடையாளம்."

"இன்னைக்கு அடையாள நாள் இல்லையே" என்று கௌதாரி இழுத்தாள்.

"வேறொருத்தி கையால போடணும். அதுதானே உங்க கட்டுப்பாடு? நான் வேறொருத்திதானே?"

கௌதாரி தலையைச் சாய்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடையாளம் இருந்தது. இருந்தால் அவள் தொடமாட்டாள். "குஞ்சுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். சடைச்சி அவளைக் கூப்பிட்டு, மரத்தடியில் தூக்குச்சட்டியில் வைத்திருந்த கம்மஞ்சோறு முழுவதையும் கவிழ்த்துவிட்டாள். கௌதாரி வாய் நிறைய அள்ளிக்கொண்டு போய், திரும்பி வந்து, மறுபடியும் அள்ளிக்கொண்டு போனாள்.

மழை விட்டபோது மேட்டைச் சுற்றிச் சுண்ணாம்புத் தண்ணீர் இன்னும் சூடாகக் கிடந்தது. அதில் விதையை இறக்க முடியாது. சடைச்சியால் நடக்க முடியவில்லை. முழங்கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. தரைக்கொடி தன் இலைகளில் ஆவி படாத ஒரு கொத்தைக் கிள்ளிக்கொள்ளச் சொன்னாள். சடைச்சி அதைக் கசக்கி வைத்துக் கட்டிக்கொண்டாள், கொஞ்சத்தை மென்றும் விழுங்கினாள். வலி சற்று மட்டுப்பட்டது.

"பிள்ளைகளை எங்க வைக்க?" என்றாள் தரைக்கொடி. மேலேயிருந்து அவளால் இறங்க முடியவில்லை. சுற்றிய கைகள் சுருண்டபடியே இறுகிவிட்டன.

"உன் கைக்குப் பக்கத்துலயே தூளி கட்டிருதேன். என் பிள்ள தூங்கல?" என்றாள் சடைச்சி. இடுப்பில் செருகியிருந்த சேலையின் உள்முனையை உருவினாள். சுண்ணாம்பு படாத இடம் அது ஒன்றுதான். மூன்று விதைகளுக்கு எவ்வளவு துணி வேண்டும்? ஒரு விரற்கடை போதும். அந்த அளவுக்குப் பல்லால் கடிக்கப் போனவள் நிறுத்தினாள்.

"மூணுதானா தாயி?"

தரைக்கொடி கீழே மேட்டின் ஓரத்தைப் பார்த்தாள்.

"நாலு" என்றாள்.

சடைச்சி துணியைப் பெரிதாகக் கிழித்தாள். மூன்று விதைகளையும் மூன்று பக்கமாக வைத்து, நடுவில் தாராளமாக இடம் விட்டு, காற்று உள்ளே நிற்கும்படி உப்பலாக முடிந்து, தரைக்கொடியின் இரண்டு கைகளுக்கும் பக்கத்தில் தொங்கவிட்டாள். ஒரு ஆட்டும் ஆட்டிவிட்டாள்.

அன்று முதல்தான் முடக்கத்தான் கொடி தரையில் கிடப்பதை விட்டு வேலியும் மரமும் ஏறுகிறது. சடைச்சியின் முழங்கால் முடக்கை அறுத்ததால்தான் முடக்கத்தான் என்ற பெயரும் வந்தது. முழங்கால் பிடித்துக்கொண்டால் நம் வீடுகளில் அதன் இலையைத் தேடி, அரைத்து, தோசைமாவில் கலக்கிறார்கள். காயைப் பறித்துப் பார்த்தால், காம்படியில் சுருண்ட இரண்டு கைகளுக்குப் பக்கத்தில் துணிபோல மெல்லிய பச்சைத் தூளி தொங்கும். பிள்ளைகள் அதை நெற்றியில் அடித்து 'டப்' என்று உடைப்பார்கள். உள்ளே மூன்றே மூன்று கறுப்பு விதைகள் இருக்கும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளை வெற்றிலை. மிச்சமெல்லாம் வெறும் காற்றுதானே, இத்துணூண்டு விதைக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு என்று தோன்றும். அந்த இடம் நாலாவது பிள்ளைக்கு.